காணிக்காரரின் காணி எது?

எங்கள் வீட்டில் பெண் கேட்டு யாராவது வந்துபோனால், பாட்டி முதலில் கேட்பது ‘காணி பூமி உண்டா?’ என்றுதான். சம்பளம், படிப்பு எல்லாம் அதற்குப் பிறகு. அவள் வாயில் காணி என்றால் வெறும் மண் அல்ல; வழிவழியாக வருவது, ‘எழுந்து போ’ என்று எவனும் சொல்ல முடியாதது. அவள் சொன்னதில் பழைய சரித்திரம் இருக்கிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் காணி என்பது பரம்பரையாக அனுபவிக்கும் நில உரிமை. காணியாட்சி உள்ளவன் அதை விற்கலாம், ஒற்றி வைக்கலாம், கோயிலுக்கு எழுதி வைக்கலாம். ஈழத் தமிழர்கள் இன்றும் நிலத்தைக் காணி என்றே சொல்கிறார்கள். பழைய எண்சுவடியில் எண்பதில் ஒரு பங்குக்கும் அதே பெயர்.

இந்தச் சொல்லையே தங்கள் பெயராக வைத்திருக்கும் மக்கள், எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையில் வாழ்கிறார்கள். காணிக்காரர்கள். சுருக்கமாகக் காணிகள். பொதிகை மலையின் கிழக்குச் சரிவில் திருநெல்வேலிச் சீமையிலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும், மேற்குச் சரிவில் கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலும் பரவியிருக்கும் ஒரே குடி. உரிமையைக் குறிக்கும் சொல்லே பெயராக அமைந்த இந்த மக்களின் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொள்ள ஒரு நாட்டுக்கு எத்தனை காலம் ஆயிற்று, ஒப்புக்கொண்ட பிறகும் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை விளக்குவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பாபநாசம் கோயிலைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வனத்துறையின் சோதனைச் சாவடி வரும். அதற்கப்பால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சேர்வலாறு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, இஞ்சிக்குழி ஆகியவை நெல்லைப் பக்கத்துக் காணிக் குடியிருப்புகள். எல்லாம் சேர்த்துச் சில நூறு பேர்தான். முதல் நான்கும் அணைகளை ஒட்டிய பகுதியில் இருக்கின்றன. இஞ்சிக்குழிக்குப் போக வேண்டுமானால் காரையாறு அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடந்து, பிறகு காட்டுக்குள் நடக்க வேண்டும். தேர்தல் என்றாலும் தடுப்பூசி என்றாலும் அரிசி என்றாலும் அதே வழிதான். மரவள்ளி, வாழை, மிளகு, எலுமிச்சை போடுகிறார்கள், தேன் எடுக்கிறார்கள். ஈத்தையும் மூங்கிலும் வீட்டுக்கும் கூடைக்கும் ஆகும். தங்களுக்குள் பேசுவது மலம்பாஷை. தமிழும் மலையாளமும் கலந்தது என்று வெளியார் சொல்வார்கள். இரண்டும் பிரிவதற்கு முன்பிருந்த வாடையும் அதில் இருக்கிறது என்பது என் காதுக்குப் படுவது.

சுயாட்சி என்றவுடன் நமக்குக் கோட்டையும் கொடியும் நினைவுக்கு வருகின்றன. காணிகளிடம் இருந்த சுயாட்சி வேறு வகை. ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூட்டுகாணி என்ற தலைவர் உண்டு. எந்தக் குடும்பம் எங்கே விதைப்பது, எந்தச் சரிவை எத்தனை காலம் ஆறப்போடுவது, பிணக்கு வந்தால் எப்படித் தீர்ப்பது எல்லாம் அவர் முன்னிலையில் கூடி முடிவாகும். கூட்டத்துக்கு ஆளழைப்பவர் விளிகாணி. விளித்தல் என்றால் அழைத்தல், பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. மருத்துவமும் பூசையும் பிலாத்தியின் கையில். நோய் கண்டவர் முன்னால் பிலாத்தி அமர்ந்து, பல் பல்லாக விளிம்பு வெட்டிய இரும்புக் குழாயான கொக்கரையைக் கம்பியால் உரசிக்கொண்டு சாற்றுப்பாட்டுப் பாடுவார். இரவு முழுக்க நீளும் பாட்டு அது. மலைத் தெய்வங்கள் ஒவ்வொன்றும் அதில் பெயர் சொல்லி அழைக்கப்படும்.

திருமணத்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. குடி முழுவதும் பல இல்லங்களாகப் பிரிந்திருக்கும். சில இல்லங்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி. சில இல்லங்கள் மச்சம்பி. அண்ணன் தம்பி இல்லத்தில் பெண் எடுக்க முடியாது; மச்சம்பி இல்லத்தில்தான் எடுக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய குறிப்புகளிலேயே முட்டில்லம், மேனில்லம் என்று இந்த இல்லங்களின் பெயர்கள் வருகின்றன. யார் யாருக்கு எந்த மலைச்சரிவில் உரிமை என்பதும் இந்த உறவுக் கணக்கோடு பின்னிக் கிடந்தது. நம் கிராமங்களில் அடங்கல், சிட்டா செய்யும் வேலையை அங்கே உறவுமுறை செய்தது.

இந்த ஒழுங்கு எழுதப்படவில்லை. அதுதான் பிற்பாடு வந்த எல்லாத் துன்பத்துக்கும் வேர்.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர், அரியணைக்குப் போட்டியிட்ட பகைவர்களுக்குத் தப்பி மலைக்காட்டில் மறைந்து திரிந்தபோது காணிகள் அவரைக் காத்தார்கள், அதற்கு நன்றியாக மன்னர் காட்டை அவர்களுக்கு உரிமையாக்கினார் என்பது காணிகளின் வாய்வழி வரலாறு. ஓணத்துக்கு முன்னால் கேரளக் காணிகள் தேனும் காட்டு விளைபொருளும் கொண்டு திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைக்குப் போய், புதுத்துணி பெற்றுத் திரும்பும் வழக்கம் அந்த நினைவில்தான் வந்தது. இதே மன்னரைச் சுற்றி மலைக்கு இந்தப் பக்கம் இன்னொரு கதை வழங்குகிறது. அதே போட்டியில் மார்த்தாண்ட வர்மருக்காகப் போரிட்டு சிங்கம்பட்டி இளவரசர் ஒருவர் உயிர்விட்டார், அதற்கு ஈடாக மேற்கு மலைக்காடு சிங்கம்பட்டி ஜமீனுக்குக் கொடுக்கப்பட்டது என்பது அந்தச் சமஸ்தானத்தின் மரபு.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அரசர், ஒரே நன்றிக்கடன், ஒரே மலைத்தொடர். ஜமீனின் கதை காகிதமாயிற்று. வெள்ளைக்காரக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது, அளந்தது, எல்லைக்கல் நட்டது. அந்தக் காகிதத்தின் பேரில் ஜமீன் 1929இல் 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்க முடிந்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அப்படி வந்தவை. 1952இல் ஜமீன் ஒழிப்பில் காடு அரசுக்குப் போன பிறகும் அந்தக் குத்தகை செல்லுபடியாகவே இருந்தது. காகிதத்துக்கு அத்தனை பலம். காணிகளின் கதை கதையாகவே நின்றுவிட்டது.

அவர்களுக்குக் காகிதம் கிடைக்காமல் போனதற்கு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தைப் படித்தால் விடை தெரியும். ஒரு காட்டைக் காப்புக்காடாக்கப் போவதாக அரசு அறிவிக்கும். வன நிர்ணய அலுவலர் ஒருவர், அந்தக் காட்டில் உரிமை உள்ளவர்கள் இத்தனை மாதங்களுக்குள் வந்து கோரலாம் என்று விளம்பரம் செய்வார். கோராத உரிமை அந்த அவகாசத்தோடு அற்றுப்போகும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வைத்த ஏற்பாடு அது. மூட்டுகாணியின் வாய்ச்சொல்லில் வாழ்ந்த உரிமை, கீழே தாலுகாக் கச்சேரிச் சுவரில் ஒட்டிய விளம்பரத்தை எப்படிப் படித்திருக்கும்?

அதன் பிறகு மலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காகிதத்தோடு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாபநாசம் அருவியின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை வந்தது. 1944இல் காரையாற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். காரையாறு அணை என்றும் சொல்லப்படும், 143 அடி உயரம் நீர் தேங்கும் பாபநாசம் மேலணைதான் கார் பருவத்துக்கும் பிசானத்துக்கும் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. தூத்துக்குடிக் கடற்கரை வரை குடிநீர் தருகிறது. அந்த நீரைக் குடித்து வளர்ந்தவன் என்ற கடன் எனக்கு இருக்கிறது. அதனால்தான் அணைக்கு அந்தப் புறத்தில் படகுக்காகக் காத்திருக்கிறவர்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1962இல் முண்டந்துறை சரணாலயம், 1976இல் களக்காடு சரணாலயம், இரண்டையும் இணைத்து 1988இல் புலிகள் காப்பகம், 2001இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உலகப் பாரம்பரியப் பட்டியல். எல்லா ஆவணத்திலும் மலை இருக்கிறது. மக்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அங்கீகாரம் என்பது நிலத்தோடு முடிவதில்லை. ‘நீ யார்’ என்பதை அரசு ஒப்புக்கொள்வது அதற்கும் முந்திய படி. இந்த விஷயத்தில் நெல்லைக் காணிகளுக்கு நடந்தது பலருக்கும் தெரியாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசியல் சட்டத்தின்படி எந்தச் சமூகம் பட்டியல் பழங்குடி என்பதைக் குடியரசுத் தலைவரின் ஆணை தீர்மானிக்கும். முதல் ஆணை 1950இல் வந்தது. பட்டியல் மாநிலவாரியாக, பல இடங்களில் மாவட்டவாரியாக, தாலுகாவாரியாகவும் போடப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரிலிருந்த கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. காணிக்காரர் என்ற பதிவு அந்தப் பகுதிகளோடு ஒட்டிக்கொண்டே வந்தது: கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை தாலுகாவிலும் உள்ள காணிக்காரர் பழங்குடி. பாபநாசம் மலை பழைய சென்னை மாகாணத்தின் அம்பாசமுத்திரம் தாலுகா. ஆகவே அங்குள்ள காணிகள் பட்டியலில் இல்லை.

ஒரே இல்லத்தில் பிறந்த அக்காள் தங்கை இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி குமரி மாவட்டத்து மலையில் வாழ்க்கைப்பட்டாள், இன்னொருத்தி சேர்வலாற்றில். அக்காள் பிள்ளை பழங்குடி, தங்கை பிள்ளை அல்ல. இருவருக்கும் மொழி ஒன்று, தெய்வம் ஒன்று, பிலாத்தி பாடும் பாட்டு ஒன்று. தாலுகா எல்லை மட்டும் வேறு. 1976இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தின் வழியாக இத்தகைய வட்டார வரம்புகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. காணிக்காரருக்கான வரம்பு அப்போதும் நீங்கவில்லை. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2003 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற பிறகுதான் ‘செங்கோட்டை’ என்ற பெயருக்குப் பக்கத்தில் ‘அம்பாசமுத்திரம்’ சேர்ந்தது. ஒரே ஒரு தாலுகாவின் பெயர். அதைச் சேர்ப்பதற்கு, முதல் ஆணையிலிருந்து கணக்கிட்டால், அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் பள்ளிக்குப் போகும் வயதில் இருந்தவர்களுக்கு உதவித்தொகையும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. அவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெயர் சேர்ந்துவிட்டால் சான்றிதழ் தானாக வந்துவிடாது. பழங்குடிச் சான்று வழங்கும் அதிகாரம் தமிழ்நாட்டில் தாசில்தாரிடம் இல்லை, கோட்டாட்சியரிடம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் தாலுகாவுக்கு அது சேரன்மகாதேவி. மலையிலிருந்து இறங்கி, ஆற்றின் போக்கிலேயே பஸ் ஏறிப் போக வேண்டும். தந்தைக்கே சான்று இல்லாத வீட்டில் பிள்ளைக்குச் சான்று கேட்டால் விசாரணை நீளும். பட்டியலில் இன்னும் தாலுகா வரம்பு அப்படியே இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு மக்களின் அடையாளத்தை வருவாய்த் துறை வரைபடத்துக்குள் அடைத்து வைத்திருப்பது முறையல்ல. மாநிலம் முழுவதற்குமாக அந்தப் பதிவு மாற வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது நிலம். 2006ஆம் ஆண்டின் வன உரிமை அங்கீகாரச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘பழங்குடிகளுக்கு அரசு பட்டா கொடுக்கிறது’ என்பார்கள். சட்டத்தின் சொல் அதுவல்ல. அதன் பெயரிலேயே அங்கீகாரம் இருக்கிறது. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உரிமை பதிவு செய்யப்படாமல் விடப்பட்டது வரலாற்று அநீதி என்று அதன் முகப்புரை ஒப்புக்கொள்கிறது. ஏற்கெனவே இருந்த உரிமையைப் பதிவு செய்வதுதான் இதன் வேலை. காணிகளின் பெயர் சொல்லிக்கொண்டிருந்ததை 2006இல் சட்டம் சொல்லியிருக்கிறது.

அதில் பல அடுக்குகள் உண்டு. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து ஒரு குடும்பம் பயிரிட்டு வந்த நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, உரிமை உண்டு. அது வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. தேன், குங்கிலியம், ஈத்தை போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு. பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை போன்றவற்றுக்குக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றிலும் பெரியது சமுதாய வன வள உரிமை. ஊர் மரபாகப் பயன்படுத்திவந்த காட்டைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் அந்த ஊருக்கே அதிகாரம் தரும் பிரிவு அது. தனிநபர் உரிமைப் பத்திரம் ஒருவரின் அடுப்பைக் காப்பாற்றும். சமுதாய வன வள உரிமை மூட்டுகாணியின் கூட்டத்துக்கு உயிர் கொடுக்கும். பத்திரம் வழங்கும் விழாவின் படங்களில் முதலாவதைத்தான் பார்க்கிறோம். கேட்க வேண்டியது இரண்டாவதை.

இந்தச் சட்டம் நெல்லை மலையை எட்டிய விதத்தில் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று நாட்களின் கணக்கு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31. தமிழக அரசு களக்காடு முண்டந்துறையின் 895 சதுர கிலோமீட்டரையும் புலிகளின் முக்கிய வாழ்விடமாக, அதாவது மனிதத் தலையீடு இல்லாமல் வைக்க வேண்டிய உள்பகுதியாக, அறிவித்தது 2007 டிசம்பர் 28. முதுமலையும் ஆனைமலையும் அதே நாளில் அறிவிக்கப்பட்டன. இடையில் மூன்றே நாட்கள். பழங்குடிகளின் உரிமைக்குக் குந்தகமில்லாமல்தான் இந்த அறிவிப்பு இருக்க வேண்டும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. எழுதிக் கேட்பதற்கே வழி பிறக்காத உரிமைக்குக் குந்தகம் உண்டா இல்லையா என்பதை அந்த டிசம்பரில் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

மற்றொன்று நீதிமன்ற வழக்கு. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, உரிமைப் பத்திரம் வழங்குவதை நீதிமன்றத்தின் அனுமதிக்கு உட்படுத்தியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கும் வரை தமிழ்நாட்டில் வேலை உறைந்து கிடந்தது. மற்ற மாநிலங்கள் லட்சக்கணக்கில் பத்திரங்கள் வழங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி, அதே மாத இறுதியில் அதைத் தானே நிறுத்தி வைத்தது. நாட்டின் காடுகளில் எல்லாம் அந்த இரண்டு வாரம் அடிவயிற்றைக் கலக்கியிருக்கும்.

சுயாட்சிக்கு அரசியல் சட்டத்தில் வழி இல்லையா என்று கேட்கலாம். வடகிழக்கில் ஆறாவது அட்டவணை இருக்கிறது. தன்னாட்சி மாவட்டக் குழுக்கள் உண்டு. ஒடிசா, ஜார்க்கண்ட், ஆந்திரம் போன்ற பத்து மாநிலங்களில் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் உள்ளன. அங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் ஓர் அங்குல நிலம்கூட எந்த அட்டவணையிலும் இல்லை. கேரளத்திலும் இல்லை. 2007இல் ஐக்கிய நாடுகள் சபையில் உலகத் தொல்குடிகளின் உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அதில் தன்னாட்சி உரிமை தெளிவாக இருக்கிறது. ஆனாலும் இந்தியர் எல்லோரும் தொல்குடிகளே என்ற விளக்கத்தோடு அரசு அதை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது.

ஆக, காணிகளின் கைக்கு எட்டும் ஒரே கருவி வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை. அதில் கூர்மை இருக்கிறது. அறிவிக்கை செய்யப்படாத பழைய குடியிருப்பும் இந்தச் சட்டத்தின் கண்ணில் கிராமம்தான். சமவெளி ஊராட்சியின் பெரிய கூட்டத்தில் மூலையில் நின்று கைதூக்க வேண்டியதில்லை. மயிலாறு மயிலாற்றிலேயே சபை கூட்டலாம். சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழுவைச் சபையே தேர்ந்தெடுக்கும். கோரிக்கையை முதலில் ஆராய்ந்து தீர்மானம் போடுவது அந்தச் சபை. அது சேரன்மகாதேவியின் கோட்ட அளவிலான குழுவுக்குப் போய், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் முடிவாகும்.

ஒரு சபைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை ஒடிசாவின் நியாம்கிரி மலை காட்டியது. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்கிரியா கோந்த் மக்களின் மலையில் பன்னிரண்டு சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. நமக்கு இன்னும் பக்கத்தில், கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்கு உள்ளேயே 2011இல் சோளகர் பழங்குடியினரின் சமுதாய உரிமை ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகம் என்பதால் உரிமை கிடையாது என்று யாராவது சொன்னால், அந்த மலையைக் காட்டலாம்.

புலி முக்கியமில்லையா? முக்கியம். புலி உள்ள காடு நீர் உள்ள காடு. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்கு அந்தச் சோலைக்காடும் புல்வெளியும் காரணம். அதை யாரிடமிருந்து காக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆடி அமாவாசைக்கு அதே காப்பகத்துக்குள் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் போகிறோம். நானும் போயிருக்கிறேன், குலதெய்வம். ஆற்றில் விட்டுவந்த துணியையும் பிளாஸ்டிக்கையும் பிறகு மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். பத்து நாளில் நாம் காட்டுக்குச் செய்வதைப் பத்துத் தலைமுறையில் காணிகள் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், காப்பகங்களின் உள்பகுதியில் இன்னும் இருக்கும் 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை இடம்பெயர்க்கும் வேலையை விரைவுபடுத்தச் சொன்னது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்பது திட்டம். சட்டப்படி அது விருப்பத்தின் பேரில்தான் நடக்க வேண்டும், உரிமைகள் ஏற்கப்பட்ட பிறகே பேச்சு எடுக்க வேண்டும், கிராம சபையின் சம்மதம் எழுத்தில் வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருப்பது அவசரத் தேவை.

மாஞ்சோலைத் தொழிலாளர்களின் வழக்கையும் இதையும் சிலர் ஒன்றாகக் கட்டுகிறார்கள். குத்தகை 2028இல் முடிகிறது. கம்பெனி முன்னதாகவே வெளியேறியது. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தொழிலாளர்கள் அங்கேயே தொடர வழி செய்ய மறுத்தது. நான்கு தலைமுறை உழைத்தவர்களின் கண்ணீர் பெரியது, அதற்குத் தனி நியாயம் உண்டு. அவர்கள் கேட்பது மறுவாழ்வு. காணிகள் கேட்பது மறுவாழ்வு அல்ல, வாழ்ந்துகொண்டிருக்கும் வாழ்வு. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தால் இரண்டுமே தோற்கும்.

மலைக்கு மேற்கே உள்ள உறவினர்களின் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1987இல் அகத்தியமலைக் காட்டில் தாவர ஆய்வாளர் புஷ்பாங்கதனும் குழுவினரும் வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்களோடு நடந்தார்கள். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் களைத்தார்கள். காணிகள் ஏதோ காயை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் ஏறினார்கள். கேட்டபோது முதலில் சொல்லவில்லை. குடியின் இரகசியம் அது. பிறகு சொன்னார்கள்: ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. மரபறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் பாராட்டியது, பாராட்டத்தக்கதுதான். ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது குடி முழுவதையும் கூட்டிக் கேட்க ஒரு சபை இருக்கவில்லை. பிலாத்திகள் சிலர் தங்கள் அறிவு விற்கப்பட்டதாக வருந்தினார்கள். அந்தச் செடியைக் காணிகளே வளர்த்து விற்க முயன்றபோது வனத்துறை குறுக்கே நின்றது. காட்டின் அறிவுக்குப் பங்கு கொடுத்தவர்கள் காட்டின் மேல் உரிமை கொடுக்கவில்லை.

சுயாட்சி என்றால் எல்லாம் இனிமையாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 2018இல் கேரள உயர் நீதிமன்றம் பொதிகையின் உச்சியான அகத்தியர்கூட மலையேற்றத்தில் பெண்களையும் அனுமதிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு ஜனவரியில் முதல் பெண் ஏறியபோது, அகத்தியர் சிலை அருகே பெண்கள் போவது தங்கள் வழக்கத்துக்கு மாறானது என்று காணிகள் அடிவாரத்தில் போராடினார்கள். பெண்களைத் தடுப்பதை என்னால் ஏற்க முடியாது. அதே சமயம், அந்த மலைக்கு யார் வரலாம் என்பதை வனத்துறையும் நீதிமன்றமும் மலையேறுகிறவர்களும் பேசி முடித்துவிட்டார்கள், மலையில் வாழ்கிறவர்களிடம் கடைசியில்தான் சொன்னார்கள் என்ற அவர்களின் மனக்குறை எனக்குப் புரிகிறது. பெண்கள் மூன்றில் ஒரு பங்கு உட்கார்ந்திருக்கும் கிராம சபையில் இந்தப் பேச்சு நடந்திருந்தால், காணிப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

நமக்கும் பொதிகைக்கும் உள்ள உறவு விநோதமானது. தென்றல் பிறக்கும் மலை, அகத்தியர் தமிழ் வளர்த்த மலை, கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரன் ஆண்ட மலை என்று மேடையில் முழங்குவோம். மேடை வைத்துப் பேசும் ஊரிலிருந்து இருபது மைலில் அந்த மலையில் இன்றும் இருப்பவர்களின் பெயரைக் கேட்டால், ‘மலைவாசிகள் யாரோ இருக்கிறார்கள்’ என்பார்கள். பாபநாசம் கடைத்தெருவில் மிளகு மூட்டையோடு நிற்கும் காணியிடம் ஒருமையில் பேரம் பேசுவதைப் பார்த்துக் கூசிப்போயிருக்கிறேன். அங்கீகாரம் என்ற பெரிய சொல்லில் அந்த ‘நீங்க’வும் அடக்கம்.

வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் பதின்மூன்றாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. உரிமைக்கு எவையெல்லாம் சாட்சி என்று அது வரிசை சொல்கிறது. அரசுப் பதிவேடுகள் உண்டு. கூடவே பழைய கிணறு, புதைத்த இடம், வழிபட்ட இடம், வம்சாவளி ஆகியவையும் உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்ல, அதை எழுதிக்கொண்டால் அதுவும் சாட்சி. 1882இன் சட்டம் கேட்க மறுத்த வாய்ச்சொல்லை இந்த விதி கேட்கிறது. அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. ஆனால் கிழவர்களிடமும் கிழவிகளிடமும் மட்டும். எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த ஓடைக்கரையில் யார் பாட்டன் விதைத்தான், எந்த மரத்தடியில் கொக்கரை ஒலித்தது என்பதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் ஐந்து குடியிருப்பிலும் சேர்த்து எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? மழைக்காலத்துக்கு முன், காரையாற்றில் படகு ஓடும் நாட்களில், சபையைக் கூட்டி அவர்களைப் பேசச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் எழுதுகிறவர் மலம்பாஷை தெரிந்தவராக இருக்க வேண்டும். மூட்டுகாணி சொல்லும் ஓடையின் பெயரை அவர் சொல்கிறபடியே எழுத வேண்டும். கேட்பதற்கு நன்றாக இல்லை என்று திருத்தி நம் தமிழில் எழுதிவிடக் கூடாது.